கப்புச்சினோவும் ஒரு பக்திக் கதையும்

எஸ்பிரெசோ காப்பியின் மேல் நீராவியால் நுரைக்க வைத்த பாலை ஊற்றித் தருவது கப்புச்சினோ. இதைப் பற்றி ஒரு கதை கத்தோலிக்கரிடையே பெருமையோடு சொல்லப்படுகிறது. 1683-இல் வியன்னா நகரை முற்றுகையிட்ட துருக்கியர், தோற்றோடியபோது காப்பி மூட்டைகளை விட்டுச் சென்றனராம். அக்காப்பியின் கசப்பை ஆற்றப் பாலும் தேனும் கலந்து, கப்புச்சின் துறவியான அவியானோ ஊர் மார்க்கோ அடிகளார் இப்பானத்தைக் கண்டுபிடித்தாராம். இக்கதையை நாம் மறுக்கிறோம்.

பாலை நுரைக்க வைக்கும் நீராவி இயந்திரம் அன்று ஏது? தூரின் நகரத்து ஆஞ்செலோ மோரியோந்தோ நீராவிக் காப்பி இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது 1884-இல். மிலான் நகரத்து லூயிஜி பெட்செரா, கோப்பை கோப்பையாக வடிக்கும் இயந்திரத்தை உருவாக்கியது 1901-இல். அடிகளாரோ 1699-இலேயே இறைவனடி சேர்ந்துவிட்டார். பெயர் வந்த வழியும் வேறு. வியன்னாவின் காப்பிக் கடைகளில், பாலாடை கலந்த காப்பியின் நிறம் கப்புச்சின் துறவியரின் பழுப்பு அங்கியை ஒத்திருந்ததால், அதனைக் 'கப்புசினர்' என்றழைத்தனர். அதன் இத்தாலிய வடிவமே கப்புச்சினோ.

"தீங்கற்ற கதைதானே, இருந்துவிட்டுப் போகட்டுமே!" என்பர் சிலர். தீங்கு உண்டு. திருத்தந்தை பதினோராம் இன்னொசென்டின் தூதராக நின்று, ஒருவரையொருவர் நம்பாத கிறிஸ்தவத் தலைவர்களை ஒன்றுபடுத்தியவர் மார்க்கோ அடிகளார். ஊர் ஊராகச் சென்று மனமாற்றத்தைப் போதித்தவர். 2003 ஏப்ரல் 27 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை முத்திப்பேறு பெற்றவர் எனப் பறைசாற்றியது காப்பிக்காகவா? மேலும், தோற்றவரின் பாசறைப் பொருளைச் சொல்லிச் சிரிக்கும் கதை, நம் இஸ்லாமிய அயலாரின் உள்ளத்தைப் புண்படுத்தாதா? பக்தியின் பெயரால் சொன்னாலும் பொய் பொய்யே. எட்டாம் கட்டளை நம் பெருமைக்காகத் தளர்வதில்லை.

கப்புச்சின் சபைக்கு உண்மைப் பெருமை இல்லாமலா போயிற்று? 1525-இல் பாஷ்சோ ஊர் மத்தேயு, அசிசியாரின் ஏழ்மைக்குத் திரும்பும் வேட்கையால் முரட்டு அங்கி தரித்துப் புறப்பட்டார். அவ்வழி எழுந்ததே இச்சபை. 1630-இல் மிலான் நகரைக் கொள்ளைநோய் வாட்டியபோது, பிறர் அஞ்சி விலகிய நோயாளர் இல்லத்தில் பணிபுரிந்தவர்கள் இத்துறவியர். அவர்களுள் பலர் அங்கேயே உயிர் நீத்தனர்.

அந்த ஏழை அங்கியின் நிறத்தையே இன்று செல்வர் விலை கொடுத்துப் பருகுகின்றனர். கோப்பையைக் கையிலெடுக்கும்போது இதை நினைப்போம். நுரை பாலின்மேல் இருக்கட்டும், வரலாற்றின்மேல் வேண்டா.