பனைமரத்தடியில் பால்

பனைமரத்தின் கீழ் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்றே ஊர் சொல்லும் என்பார்கள். பொதுப்பதவி வகிப்போர் மறக்கக்கூடாத முதுமொழி இது.

2015 பெப்ரவரி 27ஆம் திகதி இலங்கை மத்திய வங்கி 30 வருட முறிகளை ஏலத்தில் விட்டது. முன்னர் அறிவித்திருந்த தொகை 100 கோடி ரூபா; ஏற்றுக்கொண்டதோ 1,000 கோடிக்கும் மேல். அதில் ஏறத்தாழப் பாதியைப் பெற்றது, அப்போதைய ஆளுநர் அர்ஜுன மகேந்திரனின் மருமகனுடன் தொடர்புடைய பேர்ப்பெச்சுவல் ட்ரெஷரீஸ் நிறுவனம். 2017இல் ஜனாதிபதி ஆணைக்குழு விசாரிக்கும் அளவுக்கு விடயம் முற்றியது.

குற்றத்தைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் பணி. எனது கேள்வி அதற்கு முந்தியது. அந்த உறவு எவருக்கும் தெரியாத இரகசியமல்ல. ஆகவே, உறவை வெளிப்படுத்திவிட்டால் மட்டும் போதாது. சம்பந்தப்பட்ட முடிவு எடுக்கப்படும் மேசையிலிருந்து எழுந்து வெளியேறவும் வேண்டும். நல்லவர், கெட்டவர் என்ற பேச்சுக்கு அங்கு இடமில்லை.

பத்திரிகையாளருக்கும் விதி இதுவே. உறவினர் ஒருவர் தேர்தலில் நின்றபோது, அத்தொகுதிச் செய்திகளை நான் சக ஆசிரியரிடம் ஒப்படைத்தேன். எனது நேர்மையில் எனக்கு ஐயம் இருக்கவில்லை. ஆனால், வாசகர் ஐயுறும் நிலையை உருவாக்க எனக்கு உரிமையும் இருக்கவில்லை.