தேடி வரவேண்டியவர் யார்?

2024 நாடாளுமன்றத் தேர்தலில், 85 வயது கடந்தோர் விரும்பினால் வாக்குச்சீட்டு வீடு தேடி வந்தது. வரவேற்கிறோம்! வாக்குக்கு வழி கண்டோர், வயிற்றுக்கு வழி காணாதது ஏன்?

முதியோர் உதவித்தொகை தமிழகத்தில் 1962-இல் பிறந்தது. அன்று திங்களுக்கு 20 ரூபாய். 2023 முதல் 1,200. ஆனால் அதைப் பெற, எழுத்தறியா மூதாட்டி ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் சுமந்து இணையச் சேவை மையப் படியேற வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தனி வட்டாட்சியர் என விசாரணை முடியக் காத்திருக்கவும் வேண்டும். ஆதரவற்றவள் என்பதே அவள் தகுதி. அழைத்துச் செல்ல ஆதரவான ஓர் ஆளில்லாமல் அந்தத் தகுதியை மெய்ப்பிக்க முடியாது! இதனினும் கொடிய வேடிக்கை உண்டோ?

விவரமறியாத மக்கள் என்று சலித்துக்கொள்கிறார்கள். விவரம் எவரிடம் இருக்கிறது? அவள் வயது குடும்ப அட்டைப் பதிவில், அரசின் கையிலேயே இருக்கிறதே! 2021 முதல் மருந்து வீடு தேடிச் செல்கிறது. மனுப் படிவம் செல்லாதா? (80 வயதுக்குக் கீழ்ப்பட்டோர்க்கு டில்லி தரும் பங்கு வெறும் 200 ரூபாய், அதைப் பிறிதொரு ஞாயிறு பேசுவோம்.)

கிளைத் தோழர்களே, உங்கள் தெருவில் அத்தகைய கதவுகள் எத்தனை? எண்ணி வையுங்கள். வரும் திங்கட்கிழமை, ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளுக்கு, அவர்களோடு நாமும் செல்வோம்.