துப்பாக்கிக்கும் வேண்டும் ஒரு மெத்தை!

கிரைண்டர் தடதடவென்று ஆடினால் என்ன செய்வோம்? குழவியையோ மோட்டாரையோ திட்டுவதற்கு முன்னால் குனிந்து பார்ப்போம். ஒரு கால் தரையில் பதியாமல் இருக்கும். அட்டையை மடித்துச் செருகினால் சத்தம் அடங்கிவிடும்.

துப்பாக்கி சுடும் போட்டியிலும் இதே கதைதான். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தகுதிச் சுற்றில் மூன்றாவதாக வந்தார். இறுதிச் சுற்றிலோ ஏழாவது இடம்தான். எங்கே தவறினோம் என்று தெரியாமல் மனிதர் நொந்துபோனார். அவர் நின்ற இடத்தில் தரை ஓடு சரியாகப் பதியாமல் ஆடிக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரியவந்தது. நான்கு வருடம் கழித்து பெய்ஜிங்கில் அவர் தங்கம் வென்றது நமக்குத் தெரியும்.

சுடுபவர் காலுக்குக் கீழே உறுதி வேண்டும் என்றால், துப்பாக்கியின் உடம்புக்குக் கீழேயும் வேண்டுமல்லவா? அதற்குச் செய்கிற வேலைக்குத்தான் 'பெட்டிங்' என்று பெயர். ரைஃபிளுக்கு மெத்தை போடுவது!

ரைஃபிளில் தோட்டா வெடிக்கும் இரும்புப் பகுதியும் குழலும் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து, போல்ட்டால் முடுக்கப்பட்டிருக்கும். மரம் மழைக்காலக் கதவு மாதிரி. ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். இரும்பு சரியாகப் படியாத இடத்தில் போல்ட்டை முடுக்கினால், இரும்பே லேசாக வளையும். சுடும்போது குழல் அதிரும். அந்த அதிர்வு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருந்தால்தான் குண்டு ஒரே இடத்துக்குப் போகும்.

சின்னக் கணக்கு ஒன்று. குண்டு வெளியேறும் நொடியில் 65 செ.மீ. நீளக் குழலின் நுனி 0.1 மி.மீ. சாய்ந்துவிட்டது என்று வையுங்கள். 50 மீட்டர் தூரத்தில் குண்டு 7 மி.மீ.க்கு மேல் விலகும். அங்கே பத்துப் புள்ளி வட்டத்தின் மொத்த அகலமே 10.4 மி.மீ.தான். சட்டைப் பொத்தான் அளவு! 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது இந்த 50 மீட்டர் பிரிவில்தான். அவர் எடுத்தது 451.4. அந்தக் கடைசி ‘புள்ளி நான்கு’ கூட அங்கே கணக்கில் வரும்.

மெத்தை எப்படிப் போடுகிறார்கள்? கட்டையின் பள்ளத்தைக் கொஞ்சம் செதுக்கி, எபாக்ஸி பிசினை நிரப்புவார்கள். இரும்பில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதற்கு மெழுகு பூசி உட்காரவைப்பார்கள். பிசின் இறுகியதும் எடுத்தால், இட்லித் தட்டுக் குழி மாதிரி இரும்பின் அச்சு அப்படியே பதிந்திருக்கும். போல்ட் முடுக்கும்போது மரம் நசுங்காமலிருக்க அலுமினியக் குழாய்களைப் பதிப்பதும் உண்டு. குழல் மட்டும் பெரும்பாலும் மரத்தைத் தொடாது. இடையில் ஒரு காகிதம் தடையில்லாமல் நழுவிப் போகவேண்டும். இன்று பல போட்டியாளர்கள் அலுமினியக் கட்டைக்கே மாறிவிட்டார்கள்.

வீட்டில் செய்து பார்க்கிற வேலை இல்லை இது. உரிமம் உள்ள பட்டறைக்காரர் கைவேலை. பழையபடி படிந்திருக்கிறதா என்று சோதிக்க மட்டும் எளிய வழி இருக்கிறது. தோட்டா இல்லாத ரைஃபிளில், மரமும் இரும்பும் சேரும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு ஒரு போல்ட்டைத் தளர்த்துவார்கள். விரலுக்கு அசைவு தெரிந்தால் மெத்தை சரியில்லை.

இப்போது பள்ளிப் பிள்ளைகள் நிறையப் பேர் சுடப் பழகுகிறார்கள். நேற்றுவரை நன்றாகச் சுட்ட பிள்ளைக்குத் திடீரென்று குறி சிதறினால், "கவனம் எங்கே போச்சு?" என்றுதான் வாய் முந்தும். அந்த ஒரு கேள்வியிலேயே பிள்ளை தன் கையைத் தானே சந்தேகிக்க ஆரம்பித்துவிடும். ஆகவே பெற்றோர்களே, முதலில் பயிற்சியாளரிடம் போல்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்!