எத்தனை ஓம்?

ஸ்பீக்கர் கிழிந்து கடைக்குப் போனால் இரண்டே கேள்விதான்: எத்தனை இஞ்ச், எத்தனை வாட்? என்னைக் கேட்டால் ஓம் எத்தனை என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

மங்கலம்பேட்டையில் இன்னிசைக் கச்சேரிக்குப் போகும் ஒரு பையனின் கிட்டார் ஆம்ப்ளிஃபயர் டிரான்சிஸ்டர் வகை. பின்பக்கம் ‘குறைந்தது 8 ஓம்’ என்றே போட்டிருக்கிறது. சத்தம் கூடும் என்று அவன் தலையில் 4 ஓம் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டார்கள். கூடத்தான் செய்யும். 20 வோல்ட்டுக்கு 8 ஓமில் இரண்டரை ஆம்பியர் ஓடும். 4 ஓமில் 5. அந்தச் சூட்டை அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் அல்லவா தாங்க வேண்டும்? திருவிழா நடுராத்திரியில் அவை வெந்துபோனால் அவனுக்கு அன்றைய சம்பளமும் போச்சு, ரிப்பேர் செலவும் ஆச்சு.

16 ஓம் போட்டால் சத்தம் குறையுமே தவிர ஆபத்தில்லை. (நம் காலத்து வால்வு செட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது, அதன் டிரான்ஸ்ஃபார்மர் கேட்கிற ஓமையே கொடுக்க வேண்டும்.)

மீட்டர் 6 காட்டுகிறதே என்று 8 ஓம் ஸ்பீக்கரைத் திருப்பிக் கொடுப்பவர்களும் உண்டு. மீட்டர் அளப்பது சுருள் கம்பியின் தடையை மட்டும். அது 6 பக்கம்தான் வரும். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பேரலலாக இணைத்தாலும் 4 ஓம்தான். சீரிஸில் கோத்தால் 16.