ஐஸ் சுமந்தவன் பேரென்ன?

ஆகஸ்ட் 22 வந்தால் சென்னையில் ஒரு கூட்டத்துக்குக் குஷி பிறந்துவிடும். 1639-இல் அந்தத் தேதியில்தான் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் பிரான்சிஸ் டே கடலோரத்தில் ஒரு துண்டு மணல்வெளிக்குச் சாசனம் வாங்கினானாம். ஆகவே அது பட்டணத்துக்குப் பிறந்தநாள். 2004-இலிருந்து விழா எடுக்கிறார்கள். தொப்பி போட்டுக்கொண்டு 'பாரம்பரிய நடை' போகிறார்கள். கோட்டையைக் காட்டி, மாதா கோயிலைக் காட்டி, பழைய பங்களாவைக் காட்டி, பட்டணத்தின் பிரமுகர்கள் என்று ஒரு பட்டியல் வாசிக்கிறார்கள். கவர்னர், கலெக்டர், துபாஷி, வக்கீல், சங்கீத வித்வான். பட்டியல் நீளமானதுதான். சேரிக்காரன் மட்டும் அதில் தேடினாலும் கிடைக்க மாட்டான்.

பழனிசெட்டிபட்டியில் கிடக்கிற உனக்குச் சென்னையைப் பற்றி என்னப்பா என்று கேட்கலாம். பட்டியல் போடுகிற வித்தை எல்லா ஊரிலும் ஒன்றுதான், தோழரே. 1895-இல் பெரியாறு அணை திறந்தது. எங்கள் பள்ளத்தாக்கே பென்னிகுக்கைச் சாமியாக் கும்பிடுது. லோயர் கேம்பில் மணிமண்டபம் நிற்கிறது. கும்பிடட்டும், நாமளும் அந்தத் தண்ணியத்தானே குடிக்கிறோம். ஆனால் அந்தக் காட்டில் காய்ச்சலிலும் காலராவிலும் விழுந்த கூலிச் சனங்க பேரு எத்தனை பேருக்குத் தெரியும்? துரை செத்தால் சிலை, கூலிக்காரன் செத்தால் எண்ணிக்கை. நான் வங்கியில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். வரவை மட்டும் எழுதிப் பற்றை மறைத்தால் அதற்குப் பேர் மோசடி. சென்னைப் பட்டணத்தின் வரலாறு என்று நம் கையில் கொடுப்பதும் அப்படியொரு பேரேடுதான். ரெண்டு மூணு பக்கம் புரட்டுவோம்.

முதல் பக்கம், எலிஹு யேல். அமெரிக்காவின் பழைய துறைமுகமான பாஸ்டனில் 1649-இல் பிறந்தவர். 1672-இல் சென்னைக்கு வந்தபோது அவரும் என்னை மாதிரி ஒரு குமாஸ்தா. 1687-இலிருந்து 1692 வரை கோட்டைக்குத் தலைவர். 1718-இல் அவர் அனுப்பிய ஒன்பது பொதிச் சரக்கு 562 பவுனுக்கு விலைபோனது. அந்த நன்றிக்கு அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு அவர் பேரை வைத்தார்கள். அதுதான் இன்றைய யேல் பல்கலைக்கழகம். ஆகா, நம்ம சென்னைக் காசில் வளர்ந்த பல்கலைக்கழகம் என்று நம்மவர்களுக்கும் பூரிப்பு. சரி, பற்றுப் பக்கம் எங்கே? அவர் தலைவராக இருந்தபோதுதான், ஐரோப்பாவுக்குப் போகிற ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது பத்து அடிமைகளை ஏற்ற வேண்டும் என்று கோட்டையிலிருந்து உத்தரவு போனது. 1687-இல் ஒரே மாதத்தில் குறைந்தது 665 பேரை இந்தக் கரையிலிருந்து ஏற்றினார்கள். பஞ்ச காலம் அது. தன்னையே விற்றவனும் பிள்ளையை விற்றவளும் எந்தத் தெருக்காரர்கள் என்று ஏட்டில் இல்லை. பஞ்சம் வந்தால் முதலில் எந்தத் தெரு காலியாகும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அடிமை முறையோடு தனக்கிருந்த உறவுக்காக 2024 பிப்ரவரியில் அந்தப் பல்கலைக்கழகமே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. இங்கே? சட்டக் கல்லூரி வளாகத்தில் யேலின் மகனைப் புதைத்த சமாதியை வைத்திருப்பதா, அகற்றுவதா என்று 2023-இல் உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. சமாதி உள்ள பிள்ளைக்கு வழக்கு. கப்பலேறிய பிள்ளைக்கு ஒரு கல்லு கூடக் கிடையாது.

அடுத்த பக்கம், ஐஸ் ஹவுஸ். அதுவும் பாஸ்டன் சமாச்சாரம்தான். பிரெடரிக் டூடர் என்ற வியாபாரி அந்த ஊர்ப் பக்கத்துக் குளங்களில் உறைந்த பனியை அறுத்து, மரத்தூள் போட்டு மூடி, மாதக்கணக்கில் கடல் தாண்டி இங்கே அனுப்பினான். 1840-களில் கடற்கரையில் அதற்கென்று வட்டக் கட்டடம் எழும்பியது. துரைமார் மதுக்கிண்ணத்துக்குக் குளிர்ச்சி வேணுமே! அப்போது சென்னையில் கப்பல் அணைகிற துறைமுகம் கிடையாது. நடுக்கடலில் நிற்கிற கப்பலிலிருந்து மசூலாப் படகில் இறக்கி, அலையோடு மல்லுக்கட்டிக் கரை சேர்க்க வேண்டும். சேர்த்தவன் யார்? பனிப்பாளம் தோளை அறுக்க அறுக்கச் சுமந்தவன் யார்? 1897-இல் விவேகானந்தர் அங்கே ஒன்பது நாள் தங்கினார். இன்றைக்கு அது விவேகானந்தர் இல்லம். ஒன்பது நாளுக்கு ஒரு மண்டபம். வருசக்கணக்காச் சுமந்தவனுக்கு ஒரு வரி இல்லை. 2013-இல் 'வெள்ளை யானை' நாவல் வந்த பிறகுதான் அந்தக் கூலிகளைப் பற்றி நாலு பேர் பேசினார்கள். நாம் கேட்க வேண்டியதைக் கதையில் போய்த் தேட வேண்டிய நிலைமை.

இதைச் சொன்னால், வெள்ளைக்காரன் வந்ததால்தானே நீங்கள் படித்தீர்கள் என்று ஒரு குரல் வரும். ஆமாம், அதையும் மறைக்க மாட்டோம். பண்ணையில் கட்டிக் கிடந்தவன் ஓடி வந்து மூச்சுவிட்ட இடம் இந்தப் பட்டணம். பட்டாளத்திலும் துரை வீட்டு அடுப்படியிலும் அச்சுக்கூடத்திலும் கால் ஊன்றினான். ஆனால் கோட்டைக்கு வெளியே கறுப்பர் பட்டணம், அங்கேயும் அவனுக்குத் தனியிடம். பதினெட்டாம் நூற்றாண்டு வரைபடத்தில் 'பெரிய பறச்சேரி' என்று பேர் போட்டே இருக்கிறது. கறுப்பர் பட்டணம் பின்னால் ராஜா பேரில் ஜார்ஜ் டவுன் ஆனது. பறச்சேரி வரைபடத்தைவிட்டே போனது.

அந்தச் சேரி வெறும் சுமைகூலிகளை மட்டும் பெறவில்லை. துரை வீட்டில் பட்லராக இருந்த கந்தப்பன் கொடுத்த குறள் ஓலைதான் எல்லிஸ் கைக்குப் போனது என்று அவருடைய பேரன் அயோத்திதாசர் எழுதியிருக்கிறார். எல்லிஸ் பேரில் சென்னையில் சாலை இருக்கிறது. கந்தப்பன் பேரை எந்த நடையிலாவது சொன்னார்களா? 1893-இல் 'பறையன்' என்று பேரிட்டே பத்திரிகை நடத்தினார் இரட்டைமலை சீனிவாசன். வசவையே தலைப்பில் ஏற்றிய துணிச்சல் அது. 1907-இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வந்தது. 1922-இல் 'ஆதிதிராவிடர்' என்ற பேருக்காகச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார் எம்.சி. ராஜா. இவர்களெல்லாம் பட்டணத்துப் பிரமுகர்கள் இல்லையா? அயோத்திதாசர் எழுத்து தொகுப்பாக வர 1999 ஆயிற்று, அவர் செத்து 85 வருசம் கழித்து. கிண்டியில் மணிமண்டபம் வர 2023 ஆயிற்று.

ஆனால் தோழர்களே, பழைய பட்டியலின் ஓரத்தில் நம்மாளு மூணு பேர் படத்தை ஒட்டிவிட்டால் கணக்கு நேராகிவிடாது. பறச்சேரியை வரைபடத்திலிருந்து அழித்த கை இன்றும் ஓயவில்லை. கூவம் கரையில், அடையாற்றுக் கரையில் தலைமுறையாகக் கிடந்த சனங்களை அழகுபடுத்துகிறோம் என்று பிடுங்கி, கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய் அடுக்குகிறார்கள். வேலை ஒரு பக்கம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன். கடன் மனுவில் பேரைப் பார்ப்பதற்கு முந்தி முகவரியைப் பார்க்கிற கண்களை எனக்குத் தெரியும். சில முகவரிகளைக் கண்டதும் பேனா மூடிக்கொள்ளும். ஊரைக் கட்டினவனுக்கு ஊரில் முகவரி இல்லை என்று ஆக்கியதுதான் இந்த வரலாற்றின் சாதனை.

ஆகவே நாம் கேட்பது தயவு அல்ல, கணக்கு. யேல் பேரைச் சொல்கிற வாய் அந்த 665 பேரையும் சொல்லட்டும். ஐஸ் ஹவுஸ் வாசலில் சுமந்தவர்களுக்கு ஒரு கல் நடட்டும். பெரிய பறச்சேரி இருந்த இடத்தில் அதே பேரில் பலகை வைக்கட்டும். ஆற்றங்கரைச் சனங்களை ஊரைவிட்டுத் துரத்துவதை நிறுத்தட்டும். அடுத்த ஆகஸ்ட் 22-க்கு நடை போகிறவர்கள் கோட்டையிலிருந்து வேண்டாம், பெரும்பாக்கத்திலிருந்து கிளம்பட்டும். நகரத்துக்குள் வேலைக்குப் போக அந்தச் சனங்க தினமும் எம்புட்டுத் தூரம் போறாங்கன்னு காலுக்காவது தெரியட்டும்.