கைவேலைப் பாடவேளையைத் திருப்பித் தாருங்கள்

(பழைய மாணவி ஒருவர், குன்னூர்)

"கடைவீதியில் நல்ல ஸ்வெட்டர் ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இதற்குப் போய் ஏன் இத்தனை பாடு?" கம்பளி நூற்றுப் பின்னும் பழக்கமுள்ள எவரையும் கேட்டுப் பாருங்கள், இந்தக் கேள்வியை வாரத்துக்கு இரண்டு முறையாவது சந்தித்திருப்பார். கேட்பவர்கள் யாரும் பொல்லாதவர்கள் அல்லர். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் அமர்ந்தவர், ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவர், சொந்த நாத்தனார் என்று எல்லாரும் நம் மீதுள்ள அக்கறையினால்தான் கேட்கிறார்கள்.

இதற்கு நம்மவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில்கள் இரண்டு. ஒன்று, சிக்கனம். மற்றது, பெண்ணாய்ப் பிறந்தவளுக்குக் கைவேலை தெரிந்திருப்பது அழகு என்பது. இரண்டும் சரியான பதில்கள் அல்ல என்பது என் தாழ்மையான கருத்து. இந்த இரண்டையும் சொல்லியே கைவேலைப் பாடத்தை ஆதரித்து வந்ததால்தான், பல பள்ளிகளில் அது இன்று கேட்பாரற்றுக் கிடக்கிறது என்றும் எண்ணுகிறேன்.

முதலில் சிக்கனத்தைப் பார்ப்போம். 12 வயதுப் பெண்ணுக்கு ஒரு முழுக்கை ஸ்வெட்டர். நடுத்தரக் கனமுள்ள கம்பளி நூலை 8-ஆம் நம்பர் ஊசியில் பின்னினால், 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு 22 கண்ணிகளும், 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு 28 வரிசைகளும் வருகின்றன. உடல் பகுதியின் சுற்றளவு 80 செ.மீ., உயரம் 45 செ.மீ. எனக் கொள்வோம். 176 கண்ணிகள், 126 வரிசைகள், பெருக்கினால் 22,176. கையின் சராசரி அகலம் 30 செ.மீ., நீளம் 40 செ.மீ. என்றால் 66-ஐ 112-ஆல் பெருக்க 7,392. இரண்டு கைகளுக்கும் 14,784. ஆக மொத்தம் 36,960 கண்ணிகள். (கழுத்துப் பட்டையைச் சேர்க்கவில்லை, கணக்கு ஆசிரியை பொறுத்தருள்வாராக.) நிமிடத்துக்கு 20 கண்ணிகள் வீதம் பின்னினால் 30 மணி 48 நிமிடம் ஆகும். அதுவும் இடைவிடாமல் பின்னினால்! எந்த வீட்டில் ஒரு பெண்ணை இடைவிடாமல் அரைமணி நேரம் உட்கார விடுகிறார்கள்?

நூலையும் நாமே நூற்பதானால் கணக்கு இன்னும் நீளும். கண்ணி ஒன்றுக்கு ஏறத்தாழ 2 செ.மீ. நூல் செல்லும். அப்படியானால் ஒரு ஸ்வெட்டருக்கு 740 மீட்டர் வேண்டும். இரட்டை இழை நூல் என்பதால் ஒற்றையாக நூற்க வேண்டியது 1,480 மீட்டர். கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோமீட்டர்! கைக்கதிரில் மணிக்கு 60 மீட்டர் நூற்பது என் வேகம். அலசுதல், சீவுதல், முறுக்கேற்றுதல் எல்லாம் சேர்த்தால் ஸ்வெட்டர் ஒன்றுக்கு 70 மணி நேரம் போய்விடுகிறது. 500 ரூபாயை 70-ஆல் வகுத்துப் பாருங்கள். மணிக்கு ஏழு ரூபாய் சொச்சம். இதைச் சிக்கனம் என்று சொன்னால், கூட்டல் கழித்தல் தெரிந்த பிள்ளை சிரிக்காமல் என்ன செய்யும்?

பின் எதற்காகச் செய்கிறோம்? அதற்கு, இந்த வேலை நாள்தோறும் எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்ல வேண்டும்.

நம் தமிழ்நாட்டுச் சமவெளியில் காணும் மேச்சேரி, வேம்பூர், ராமநாதபுரம் வெள்ளை முதலிய செம்மறிகளுக்கு உடம்பில் இருப்பது முடிதானே தவிர, நூற்கத் தக்க கம்பளியன்று. கோயம்புத்தூர்க் குறும்பை ஆட்டுக்குக் கம்பளி உண்டு, ஆனால் முரடு. மெல்லிய கம்பளி தரும் ஆடு நம் மலையில் இருக்கிறது. அதுவே நீலகிரிச் செம்மறி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டுடன் டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத் டவுன் ஆகிய சீமை ஆடுகளைக் கலந்து உண்டான இனம் இது. இப்போது எண்ணிக்கையில் மிகக் குறைந்துவிட்டது. உதகைக்கு அருகே சாண்டிநல்லாவிலுள்ள செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையத்தில் இதைப் பேணி வளர்க்கிறார்கள். தினமும் ஸ்வெட்டர் அணிந்து வகுப்பில் அமரும் நம் மாணவிகளில் எத்தனை பேர் இந்த ஆட்டைப் பார்த்திருப்பார்கள்?

கத்தரித்து வந்த கம்பளி, கடை நூலைப் போல வெள்ளை வெளேரென்று இராது. சாணம், முள், புல்விதை, பிசுபிசுப்பு எல்லாம் சேர்ந்து நனைந்த ஆட்டின் வாடை அடிக்கும். கை பொறுக்கும் அளவுக்கு மேலான சூட்டில் சோப்பு நீர் வைத்து, கம்பளியை அதில் மெல்ல அமிழ்த்திவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். துணி துவைப்பதுபோல் கசக்கினால் போயிற்று! கம்பளி இழையின் மேல் மீன் செதிள் போன்ற நுண்ணிய செதிள்கள் உண்டு. சூடும் அசைவும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு, தொப்பிக்கு ஆகும் கட்டியாகிவிடும். நல்ல ஸ்வெட்டரை வெந்நீரில் துவைத்துப் பொம்மைச் சட்டையாக்கிய வீடுகளுக்கு இந்த விஞ்ஞானம் தெரியும். அலசிய கம்பளியை நிழலில் உலர்த்த வேண்டும். குன்னூரில் ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த வேலையை நினைக்கவே கூடாது.

பிறகு, கம்பிப் பற்கள் கொண்ட இரண்டு பலகைகளுக்கு இடையே வைத்துச் சீவிப் பட்டை போட வேண்டும். அதன் பிறகே நூற்பு. பள்ளிகளில் ஒரு காலத்தில் பஞ்சு நூற்ற தக்ளியை இன்றைய பாட்டிமார்கள் மறந்திருக்க மாட்டார்கள். கம்பளிக்கு அதைவிடச் சற்றுக் கனமான கதிர் வேண்டும். கொக்கியில் இழையை மாட்டி வலப்புறமாகச் சுழற்றிவிட்டால், அது அந்தரத்தில் பம்பரம்போல் சுற்றிக்கொண்டே கீழே இறங்கும். அது இறங்கும் வேகத்துக்குத் தக்கபடி மேலே விரல்கள் கம்பளியை விட்டுக்கொடுக்க வேண்டும். அதிகம் விட்டால் தடிப்பு, குறைத்து விட்டால் அறுந்துவிடும். இரண்டு கதிர் நிறைந்ததும், இரு இழைகளையும் சேர்த்து இடப்புறமாக முறுக்க வேண்டும். முதல் முறுக்கு அவிழப் பார்க்க, இரண்டாம் முறுக்கு பிடித்து நிறுத்த, இரண்டும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். பின்பு நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நனைத்து உலர்த்தினால் நூல் அடங்கி நிற்கும்.

இவற்றை ஒரே மூச்சில் செய்வார் யாருமில்லை. காலையில் பால் பொங்குவதற்குள் நாலைந்து மீட்டர் நூற்கலாம். நூற்பதற்கு உகந்த இடம் மாடிப்படி. மேல்படியில் நின்றால் கதிர் இறங்க நிறைய உயரம் கிடைக்கும். நூலுருண்டை ஓடாமலிருக்க ஒரு பித்தளைச் சொம்பு போதும். அலுவலகத்துக்கு உதகை பஸ்ஸில் போகிறேன். அரவங்காடு தாண்டுவதற்குள் நாலு வரிசை முடிகிறது. மின்சாரம் நின்றாலும் கை நிற்பதில்லை. கண்ணிகளை விரலே எண்ணிக்கொள்ளும். இந்தச் சின்னச் சின்ன நேரங்கள் வேறு எதற்கும் ஆகாதவை. 70 மணி என்று மேலே சொன்னேனே, அது பெரும்பாலும் இப்படிச் சேர்ந்ததுதான்.

நம் மொழியில் புத்தகத்துக்கும் நூல் என்றே பெயர். பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில், நூல் செய்வதை நூல் நூற்பதற்கு ஒப்பிடுகிறார். சொற்களைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், அறிவைக் கதிராகவும் சொல்லுகிறார். அங்கே புலவனுக்கு ஒப்பாக நிற்பவள் ஒரு பெண், நூல் நூற்கும் பெண். தமிழ் ஆசிரியைகள் இதை வகுப்பில் நடத்தும்போது, ஒரு கதிரையும் கையோடு எடுத்துச் சென்று சுழற்றிக் காட்டினால் உவமை எத்தனை எளிதாக விளங்கும்!

ஆனால் இதனால் நூற்பும் பின்னலும் பெண்களுக்கே உரியவை என்று ஆகிவிடாது. இரண்டாவது பதிலுக்கு வருகிறேன். இமாசலப் பிரதேசத்தின் கத்தி இன ஆடு மேய்ப்பவர்கள், ஆண்கள், மலையில் நடந்துகொண்டே கம்பளி நூற்பவர்கள். பெரு நாட்டில் டிட்டிகாகா ஏரியிலுள்ள தக்கீலே தீவில் ஆண்கள்தான் குல்லாய் பின்னுகிறார்கள். சிறு வயதிலேயே பையன்களுக்குக் கற்றுக் கொடுக்கிறார்கள். அத்தீவின் நெசவுக் கலையை யுனெஸ்கோ 2005-இல் சிறப்பித்தது. இங்கிலாந்தில் பின்னல் இயந்திரத்தை 1589-இல் அமைத்த வில்லியம் லீ ஒரு பாதிரியார் என்று சொல்வார்கள். ஊசியில் விழும் கண்ணியையே அவர் இயந்திரத்தில் விழச் செய்தார். நம் திருப்பூரில் ஓடும் பனியன் இயந்திரங்களின் அடிப்படையும் அந்தக் கண்ணிதான். சந்தேகமிருந்தால் உங்கள் தம்பியின் பனியனைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். வரிசை வரிசையாக வி என்னும் ஆங்கில எழுத்துப் போன்ற கண்ணிகள் தெரியும். பள்ளிச் சீருடைப் பாவாடையில் அது தெரியாது. அது குறுக்கும் நெடுக்குமாய் நெய்த துணி. ஆகையால்தான் பனியன் இழுபடுகிறது, பாவாடை இழுபடுவதில்லை.

பெண்ணுக்கு அழகு என்று சொல்லிச் சொல்லி, இத்தனை அறிவையும் அடுப்பங்கரை வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டோம். பொறியியல் படிக்க விரும்பும் மாணவி கைவேலை என்றதும் முகம் சுளிக்கிறாள். அவளைக் குற்றம் சொல்ல முடியுமா?

நான் இப்பள்ளியில் படித்தபோது கைவேலை கற்பித்த சகோதரி ஒருவர், கண்ணி விட்டுப்போன துண்டை யாராவது கொண்டு நீட்டினால், கையில் வாங்கவே மாட்டார். "எந்த வரிசை என்று நீயே பார்" என்பார். துணியைத் திருப்பிப் பார்த்தால், விட்ட கண்ணி ஓர் ஏணிபோல் இறங்கியிருப்பது தெரியும். குரோஷா ஊசியால் படிப்படியாக ஏற்றிக்கொண்டு வந்தால் சரியாகிவிடும். முடியாவிட்டால் பிரிக்கலாம், நூல் நூலாகவே திரும்பக் கிடைக்கும். திட்டு இல்லை, மதிப்பெண் குறைவு இல்லை. இன்றைய பிள்ளைகளுக்குத் தவறு என்பது வேறொருவர் சிவப்பு மையால் காட்டுவது. காட்டிய பிறகு திருத்த வழியுமில்லை, தேர்வு முடிந்துவிட்டது. தன் தவற்றைத் தானே கண்டு, தானே அவிழ்த்து, அதே பொருளைக்கொண்டு மறுபடி செய்து பார்க்கும் இடம் ஒரு 14 வயதுப் பெண்ணுக்குப் பள்ளியில் வேறெங்கே இருக்கிறது? கைவேலைக்கு நான் சொல்லும் நியாயம் இதுதான். ஸ்வெட்டர் கிடைப்பது உபரி லாபம்.

இன்னொரு நன்மையும் உண்டு. ஒரு முறை நூற்றுப் பார்த்தவளை எந்தக் கடைக்காரரும் எளிதில் ஏமாற்ற முடியாது. "ஒரிஜினல் உல்லன்" என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி அக்ரிலிக்; பெட்ரோலியத்திலிருந்து வருவது. ஒரு சிறு நூலை நெருப்பில் காட்டினால் கம்பளி முடி கருகும் நாற்றத்துடன் கருகி, நெருப்பை எடுத்ததும் அணைந்துபோகும். அக்ரிலிக் உருகி எரிந்து, கெட்டியான கரிய மணியாகும். (பெரியவர்கள் அருகில் இருக்கும்போது செய்க.) கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் நனைந்ததுபோல் தோன்றாது, நம் மலைப் பனிக்கு அது எத்தனை பொருத்தம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது பாடவேளைக்கு வருவோம். அட்டவணையில் வாரத்துக்கு ஒன்று என்று அச்சடித்திருக்கிறது. பல பள்ளிகளில் அது கணக்குக்கோ அறிவியலுக்கோ கடனாகப் போகிறது. கடன் திரும்பி வந்ததாகத் தெரியவில்லை. அரசுத் தேர்வின் நெருக்கடி எனக்கும் தெரியும். என் மகளும் ஒன்பதாம் வகுப்பில்தான் இருக்கிறாள். ஆனால் வாரத்துக்கு 40 நிமிடத்தால் தவறிப்போகும் தேர்ச்சி, அந்த 40 நிமிடத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டாலும் தவறிப்போகும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். ஆண்டிறுதிக் கண்காட்சியில் வைக்கும் கைவேலைகளில் பாதிக்கு மேல் தாய்மாரும் பாட்டிமாரும் இரவு விழித்துச் செய்தவை. சில கடையில் வாங்கியவை. இது நமக்கும் தெரியும், ஆசிரியைகளுக்கும் தெரியும். மதிப்பெண் என்று ஒன்றை வைத்ததால் வந்த வினை. கைவேலைக்கு மதிப்பெண்ணே வேண்டாம் என்பது என் விண்ணப்பம். கோணலும் மாணலுமாகப் பாதி பின்னிய மப்ளர் ஒன்று, செய்தவள் பெயருடன், கண்காட்சி மேசையில் இருக்கட்டும். அம்மா பின்னிய அழகிய சட்டையைவிட அதைப் பார்க்கவே நான் வருவேன்.

தலைமைச் சகோதரி அவர்கள் அனுமதி அளித்தால், ஜூன் மாதம் பள்ளி திறந்த பிறகு சனிக்கிழமை பிற்பகலில் வந்து நூற்கக் கற்றுத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். அலசிய கம்பளி நான் கொண்டு வருகிறேன். மாணவிகள் கொண்டு வர வேண்டியவை: பயனற்றுப்போன சி.டி. தட்டுகள் இரண்டு, ஒரு முழ நீளமுள்ள வழவழப்பான குச்சி, அதன் முனையில் திருக ஒரு சிறு கொக்கி, தட்டின் நடுத்துளையில் குச்சி ஆடாமலிருக்கச் சுற்றுவதற்குச் சைக்கிள் டியூபில் வெட்டிய ஒரு துண்டு. தம்பிமார்கள் வர விரும்பினால் அவர்களையும் அழைத்து வரலாம்.