எழுநூறு காவதம் எங்கே எழுதப்பட்டுள்ளது?

கடல்கொண்ட குமரிநாடு 700 காவதப் பரப்புடையது, அதனுள் 49 நாடுகள் இருந்தன, இவற்றைச் சிலப்பதிகாரமே கூறுகின்றது என்று மேடைதோறும் முழங்கப்படுகின்றது. முழங்குவோருள் நூலைப் புரட்டிப் பார்த்தவர் எத்தனை பேர்? இளங்கோவடிகள் அவ்வாறு ஓரடியும் பாடினாரல்லர்.

காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் பாண்டியனை வாழ்த்துகின்றான். அவ்வாழ்த்தினுள், பஃறுளியாற்றையும் பல மலைகளையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டது என்னும் செய்தி வருகின்றது. பாட்டில் உள்ளது அவ்வளவே. அதுவும் கதைமாந்தன் ஒருவன் மன்னனைப் புகழ்ந்து கூறும் கூற்று.

700 காவதமும் 49 நாடும் இளங்கோவடிகளுக்குப் பல நூற்றாண்டு பிற்பட்ட அடியார்க்கு நல்லாரின் உரையில், வேனிற்காதையில் உள்ளன. அங்கும் 'காவத ஆறு' என்றே அவர் எழுதுகின்றார். ஆறு என்பது ஈண்டு வழி; ஆகவே அது தொலைவே ஒழியப் பரப்பன்று. தொலைவைப் பரப்பாக்கியவர் இக்காலத்தார்.

அடியார்க்கு நல்லாரைக் குறைகூற இடமில்லை. பழைய உரைகாரர்க்கே உரிய நேர்மையோடு, இச்செய்தி எவ்வாறு பெறப்பட்டது என்று தாமே வினவிக்கொண்டு, அக்காடுகாண் காதையடிகளையும் இறையனார் களவியலுரையையும் இளம்பூரணர் உரையையும் அவர் சான்று காட்டுகின்றார். படிப்பவன் அம்மூன்றிடத்திற்கும் செல்லுதல் வேண்டும். சென்றால் கடல்கோள் மூன்றிலும் உண்டு. காவதக் கணக்கு ஒன்றிலும் இல்லை. 'பிறவாற்றானும்' என்று அவர் முடித்த சொல்லுக்குள் அக்கணக்கின் வேர் மறைந்து கிடக்கின்றது. சான்றுகள் கடல்கோளைத் தாங்குகின்றன, அளவைத் தாங்கவில்லை. இவ்வேறுபாட்டைக் காண்பதே நூலைப் படித்தல்.

இனி, இலெமூரியா. 1864இல் பிலிப்பு சிளேட்டர் என்னும் ஆங்கில விலங்குநூலார், மடகாசுகரிலும் இந்தியாவிலும் ஒத்த இனத்து விலங்குகள் இருப்பதற்குக் கரணியம் காட்டவேண்டி, மூழ்கிய நிலமொன்றைக் கருதி அதற்கு இட்ட பெயர் அது. பஃறுளியாறு அவர் எண்ணத்திலேயே இல்லை. 1960களில் நிலத்தட்டுகள் நகரும் உண்மை நிலைபெற்றபின் அக்கருதுகோளை அறிவியலார் கைவிட்டனர். நம்மவரோ மறையோன் வாழ்த்தையும் உரைகாரர் கணக்கையும் விலங்குநூலார் கருதுகோளையும் ஒரே கயிற்றில் முறுக்கி, ஒன்று மற்றொன்றுக்குச் சான்று என்கின்றனர். 'குமரிக்கண்டம்' என்னும் பெயரோ கந்தபுராணத்தில் வருவது. அங்கு அது கடல்கொண்ட நாடன்று. கண்டம் வடசொல் என்பதையேனும் தனித்தமிழர் எண்ணியிருக்கலாம்!

இதனை எடுத்துரைப்பவனைத் தமிழ்ப்பகைவன் என்று சிலர் சினப்பர். ஐந்திரத்தின் வழிநூலே தொல்காப்பியம் என்று வடமொழிச் சார்பினர் கூறும்போது, அந்நூலைக் கொணர்ந்து காட்டுக என்று தமிழர் கேட்கின்றனர். மிகச் சரியான கேள்வி. தொல்காப்பியர் ஐந்திரம் நிறைந்தவர் என்பதே பாயிரத்திலுள்ளது. கற்றறிந்திருந்தார் என்பதிலிருந்து அதைப் பார்த்து எழுதினார் என்பது பெறப்படாது. மாற்றாரிடம் கேட்ட அதே கேள்வியைத் தன் மேடையில் கேட்க அஞ்சுபவனுக்கு, அங்கும் அதைக் கேட்கும் உரிமை போய்விடும். பொய்யான ஒரு கணக்கை மாற்றார் உடைத்தால், அதனோடு மெய்யான கடல்கோள் நினைவும் சேர்ந்து எள்ளப்படுகின்றது. இழப்பு தமிழுக்கே.

கழித்தபின்னும் எஞ்சுவது சிறிதன்று. புறநானூற்றில் நெட்டிமையார், முதுகுடுமிப் பெருவழுதியை வாழ்த்தும்போது பஃறுளியாற்று மணலை எண்ணுக்கு உவமையாக்குகின்றார். அளவோ கண்டமோ அங்கில்லை, ஆற்றின் பெயர் உண்டு. கலித்தொகையும் பாண்டியன் நிலத்தைக் கடல் வௌவியதைக் கூறுகின்றது. பனியூழிக்குப்பின் கடல்மட்டம் 100 மீட்டருக்கும் மேல் உயர்ந்ததென்பதும், ஆழமற்ற பாக்கு நீரிணை ஒருகாலத்தில் தமிழகத்தையும் ஈழத்தையும் இணைத்த தரையென்பதும் நிலநூலார் முடிபுகள். இவை தனித்தனியே நிற்கத் தக்கவை. ஒன்றையொன்று மெய்ப்பிப்பன என்று இன்னும் எவரும் நிறுவவில்லை.

உ. வே. சாமிநாதையர் 1892இல் வெளியிட்ட சிலப்பதிகாரப் பதிப்பில் பாட்டும் உரையும் ஒருங்கே உள்ளன. ஐயமுடையோர் வேனிற்காதையைத் திறந்து, எது பாட்டு, எது உரை என்று கோடிட்டுப் படிக்கத் தொடங்கலாம்.